ராத்திரி 11 மணிக்கு மேல் ஓடும் மண்டையை என்ன செய்வது? ஒரு விடுதி மாணவியின் குறிப்புகள்

2023 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை இரவு 11.04-க்கு என் வகுப்புத் தோழிக்கு, "நாளைக்கு லைப்ரரி வர்றியா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். டிக் இரண்டும் நீலமாயின. பதில் இல்லை. 'டைப்பிங்' என்று ஒருமுறை காட்டியது, அதுவும் போய்விட்டது. அதிலிருந்து விடியற்காலை மூன்றரை வரை நான் தூங்கவில்லை. போன வாரம் செமினாரில் உளறினேனே, அதனால் என்னோடு சேரக் கூச்சப்படுகிறாளா? முதல் செமஸ்டரில் நோட்ஸ் கொடுக்க நான்கு நாள் இழுத்தேனே, அதை மனதில் வைத்திருக்கிறாளா? நடுநடுவே அவள் ஆன்லைனில் இருக்கிறாளா என்று பார்க்க இன்ஸ்டாகிராமைத் திறந்தேன். அங்கே ஒரு ஸ்டோரி: பெசன்ட் நகர் பீச், சுட்ட சோளம், நான்கு பேர். நான் இல்லை.

இப்போது சொன்னால் சின்ன விஷயம். ஆனால் அடுத்த இரண்டு மாதத்தில் நான் காலை வகுப்புகளை விட்டேன், மெஸ்ஸுக்குப் போவதை விட்டேன், ஏப்ரலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு வரிசையில் நின்றேன். அப்போது எம்.எஸ்சி. கணிதம் முதலாண்டு. இப்போது அதே விடுதியில் ஆராய்ச்சி மாணவி. ராத்திரி பத்தரைக்கு மேல் ஜூனியர் பிள்ளைகள் கதவைத் தட்டி, "அக்கா, தூங்கிட்டீங்களா?" என்பார்கள். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சேர்ந்தவைதான் இவை. நான் டாக்டர் இல்லை. எது எனக்கு உதவியது, எது உதவவில்லை என்று மட்டும் சொல்ல முடியும். அதற்கு ஆராய்ச்சித் துணை இருக்கிற இடங்களில் அதையும் சொல்கிறேன்.

முதலில், இது யோசனையா, அசைபோடலா?

மண்டை ஓடும்போது ஏதோ வேலை நடப்பதுபோலவே இருக்கும். ஏமாறுவது அங்கேதான். கணக்குப் படிக்கிறவளுக்கு இன்னும் மோசம். எல்லாக் கேஸையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் நிரூபணம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு. ஒருநாள் அம்மாவிடம் போனில், "யோசிச்சுக்கிட்டே இருக்கேம்மா, தூக்கமே வரல" என்றேன். அம்மா அருப்புக்கோட்டைப் பக்கம் இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவள். "மாடு அசைபோட்டா பாலாவது குடுக்கும். நீ எதுக்குடி அசைபோடுற?" என்றாள். அன்றைக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைவிடச் சரியான சொல் இதற்கு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சோதிக்கும் வழி இது. ஒரே விஷயம் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடினால் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பத்து நிமிடத்தில் புதிதாக ஏதாவது தெரிந்ததா? நாளைக்குச் செய்வதற்கு ஏதாவது கிடைத்ததா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால் அது யோசனை, தொடருங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் அசைபோடல். இன்னும் மூன்று மணி நேரம் ஓட்டினாலும் இல்லைதான்.

அசைபோடுவது துக்கத்தின் விளைவு மட்டும்தானா, துக்கத்தை வளர்க்கவும் செய்யுமா என்பதற்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. 1989 அக்டோபர் 17 அன்று கலிஃபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர், மனசு சரியில்லாதபோது என்ன செய்வீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டு எழுதி வாங்கியிருந்தார். நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே மாணவர்களைப் பத்து நாள் கழித்தும், ஏழு வாரம் கழித்தும் பார்த்தார். முன்பே அசைபோடும் பழக்கம் இருந்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. முன்பே இருந்த சோர்வைக் கழித்துப் பார்த்தாலும் அப்படித்தான். எல்லாருக்கும் ஒரே நிலநடுக்கம்தான். இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாகவே இருந்தது. பழக்கம் என்றால் மாற்றலாம் அல்லவா?

தாளை நடுவில் மடியுங்கள்

போன் நோட்ஸ் வேண்டாம், தாள். இடப்பக்கம், அறையில் ஒரு கேமரா இருந்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ அதை மட்டும் எழுத வேண்டும். வலப்பக்கம் நாம் சேர்த்துக்கொண்டது. என் தாள் இப்படி இருந்தது. இடப்பக்கம்: 11.04-க்கு மெசேஜ், நீல டிக், பதில் இல்லை, பீச் போட்டோ, அதில் நான் இல்லை. ஐந்தே சமாச்சாரம். வலப்பக்கம் ஏழு வரி: என்னைப் பிடிக்கவில்லை, என் இங்கிலீஷைக் கிண்டல் செய்கிறார்கள், எனக்கு இந்த ஊரே ஒத்துவராது, இந்தப் படிப்புக்கு நான் லாயக்கில்லை... கடைசி வரியில் அப்பாவின் மில் வேலை வரைக்கும் போயிருந்தேன்.

அதன்பின் வலப்பக்கத்தில் 'ஏன்' என்று தொடங்கும் கேள்விகளை அடித்துவிட்டு, 'என்ன', 'எப்போது', 'யாரிடம்' என்று மாற்றி எழுத வேண்டும். "ஏன் எனக்கு மட்டும் இப்படி?" என்பதற்கு உலகத்தில் யாரிடமும் விடை இல்லை. "திங்கட்கிழமை லேப் முடிந்ததும் அவளிடம் என்ன கேட்பது?" என்பதற்கு இருக்கிறது. எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் வாட்கின்ஸ் இந்த 'ஏன்'-'எப்படி' வித்தியாசத்தை வைத்தே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கியிருக்கிறார்.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. நல்லதையே நினை, எல்லாம் உன் கற்பனை என்று சொல்வார்கள். எனக்கு அது கற்பனை இல்லை. நான் அவளிடம், "பீச்சுக்குப் போனப்ப என்னையும் கூப்பிட்டிருக்கலாம்ல?" என்று கேட்டேன். "நீ படிச்சிட்டிருப்பேன்னு நினைச்சோம்டி" என்றாள். பாதி உண்மை, பாதி சமாளிப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். என்னை விட்டுவிட்டுப் போனது நிஜம். கொஞ்சம் வலித்தது. ஆனால் வலப்பக்கத்து ஏழு வரியில் ஒன்றுகூட அவள் பேச்சில் இல்லை. வலிக்க வேண்டிய அளவு மட்டும் வலித்து நின்றது.

மண்டைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள்

"யோசிக்காதே" என்று சொன்னால் மனசு கேட்காது. "இப்ப இல்ல, அஞ்சரைக்கு" என்றால் ஓரளவு கேட்கும். கவலைப்படத் தினமும் அரை மணி நேரத்தை ஒரே இடத்தில் ஒதுக்கும் முறையைப் போர்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 1983-லேயே சோதித்திருக்கிறார்கள்.

என் இடம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிப் படி. நேரம் மாலை 5.30 முதல் 6 வரை. மற்ற நேரத்தில் எது வந்தாலும் சின்ன நோட்டில் ஒரே சொல்லாக எழுதி மூடிவிடுவேன்: 'செமினார்', 'அப்பா', 'அரியர்'. முதல் வாரம் படுதோல்வி. நோட்டில் எழுதியதைப் பற்றியே மண்டை ஓடியது. இரண்டாவது வாரம் படியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தால் காலையில் எழுதியதில் பாதி ஊசிப்போன சாம்பார் மாதிரி கிடந்தது. தொடவே தோன்றவில்லை. மீதியைத் தாளுக்குக் கொண்டுபோனேன். ஆறு மணிக்கு எழுந்துவிட வேண்டும், முடியாவிட்டாலும். படுக்கையில் இதைச் செய்யவே கூடாது. படுக்கைக்கும் கவலைக்கும் ஒரு பழக்கம் விழுந்துவிட்டால் தலையணையைப் பார்த்தாலே மோட்டார் ஓட ஆரம்பிக்கும்.

போன்

முழுக்க அழித்துவிடு என்று அறிவுரை சொல்கிறவர்கள் ஹாஸ்டலில் இருந்ததில்லை. எங்களுக்கு இன்டர்னல் தேதி, சீட்டிங், நோட்ஸ் பி.டி.எஃப்., மெஸ் கட்டணக் கடைசி நாள் எல்லாம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில்தான் வரும். நான் இன்ஸ்டாகிராமை மூன்று முறை அழித்தேன். மூன்று முறையும் நான்கு நாளுக்குள் திரும்ப ஏற்றினேன். அப்புறம் 'இதைக்கூட விடமுடியவில்லையே' என்று அதையும் சேர்த்து அசைபோட்டேன்.

போன்தான் காரணமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். 2004-ல் ஹார்வர்டில் தொடங்கிய ஃபேஸ்புக், ஒவ்வொரு கல்லூரியாகத்தான் திறக்கப்பட்டது. எந்தக் கல்லூரிக்கு எப்போது வந்தது என்பதை வைத்து மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2022-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அது நுழைந்த பிறகு மாணவர்களின் மனநலம் மோசமானது, முக்கியமாக மனச்சோர்வு கூடியது, மற்றவர்களோடு ஒப்பிட்டுக்கொள்வது அதற்கு ஒரு வழி என்பது அவர்கள் முடிவு. சரி. ஆனால் எதிர்த்திசையும் உண்டு. மனசு சோர்ந்தவள் எழுந்து நடக்கமாட்டாள், ஸ்க்ரோல்தான் செய்வாள். என் விஷயத்தில் மாடு ஏற்கெனவே அசைபோடுகிற மாடு. போன் வைக்கோல் போட்டது. அதுவும் ராத்திரியில், அளவில்லாமல். வைக்கோல் படப்பு தீர்ந்தால்தானே நிற்கும்? ஸ்க்ரோலுக்கு முடிவே கிடையாது.

மன உறுதியை நம்பாமல் இடத்தையும் நேரத்தையும் மாற்றியதுதான் எனக்குப் பலித்தது.

சார்ஜர் கட்டில் பக்கம் இருக்கக் கூடாது. எங்கள் அறையில் கதவோரம் ஒரு பிளக் உண்டு. பத்து மணிக்குப் போன் அங்கே போய்விடும். கேட்டவுடன் எல்லாரும் சொல்வது, "அலாரம் வேணுமே அக்கா." 180 ரூபாய்க்கு ஒரு மேசைக் கடிகாரம் வாங்கினேன், பாரிமுனையில். டிக் டிக் சத்தம் எரிச்சலாக இருக்கும், துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தால் போதும், அலாரம் கேட்கும். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அது ஒன்றுதான். அறைத் தோழியும் அதே நேரம் போனை வைத்ததுதான் பெரிய உதவி. தனியாகச் செய்தால் கஷ்டம், பக்கத்துக் கட்டிலில் நீல வெளிச்சம் தெரிந்துகொண்டே இருக்கும்.

நேர அளவு. 2018-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெலிசா ஹன்ட் குழு 143 மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், ஒரு பகுதியினரை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் ஒரு நாளைக்குத் தலா பத்து நிமிடம் மட்டும் பார்க்கச் சொன்னார்கள். மூன்று வாரம். தனிமை உணர்வும் மனச்சோர்வும் அவர்களுக்குக் குறைந்தன. முழுக்க விடவில்லை, குறைத்தார்கள், அவ்வளவுதான். ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற அமைப்பில் ஒவ்வொரு ஆப்புக்கும் டைமர் வைக்கலாம், ஐபோனில் 'ஸ்க்ரீன் டைம்'. எனக்குப் பத்து போதவில்லை, பதினைந்து வைத்தேன். அதையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஸ் வாசலில் நின்றுகொண்டே பார்ப்பேன். நின்றால் கால் வலிக்கும். படுத்தால் மூன்று மணி நேரம்.

நீல டிக்கை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் 'பிரைவசி'க்குள் 'ரீட் ரெசீப்ட்ஸ்'. நீங்கள் அணைத்தால் மற்றவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாது, அதுதான் வேண்டும். குரூப்பில் இது வேலை செய்யாது. 'லாஸ்ட் சீன்', 'ஆன்லைன்' இரண்டையும் மறையுங்கள், உங்களுக்கும் மற்றவருடையது தெரியாமல் போகும். என்னைப் பொறுத்தவரை இந்த மூன்று பொத்தான்கள் செய்த நன்மையைப் பத்து ஊக்கப் பேச்சு செய்யாது. பாதி ஆதாரம் கையில் இருக்கும்போதுதான் மண்டை மீதியைக் கட்டுகிறது.

அப்புறம், 'மியூட்'. நட்பை முறிக்க வேண்டாம், அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. பார்த்து முடித்ததும் யார் பக்கம் வயிற்றைப் பிசைகிறதோ அவர்களை மியூட் செய்யுங்கள். நான் பன்னிரண்டு பேர் செய்தேன், அதில் என் சித்தி மகளும் உண்டு. பிளேஸ்மென்ட் மாதங்களில் லிங்க்ட்இன் பக்கமே போகாதீர்கள். வேலை விளம்பரத்தைத் தேடிப் பார்க்கலாம், முகப்புப் பக்கத்தில் வரிசையாக வரும் ஆஃபர் அறிவிப்புகளைத்தான் பார்க்க வேண்டாம் என்கிறேன். வேலை கிடைக்காதவர்கள் அங்கே எதுவும் எழுதுவதில்லை.

சோக ரீல்ஸ் தனி வியாதி. மழை, ஜன்னல், பின்னணியில் அழும் வயலின், "யாருக்கும் நான் முக்கியமில்லை" என்று ஓடும் எழுத்து. ஒன்றை முழுசாகப் பார்த்தால் அடுத்து பத்து வரும். நம் மனசைப் புரிந்துகொண்டது ஒரு ஆப் மட்டும்தான் என்று அந்த நேரத்தில் தோன்றும். மூன்று புள்ளியைத் தொட்டு 'நாட் இன்ட்ரஸ்டட்' கொடுங்கள், நான்கைந்து நாள் விடாமல் கொடுத்தால் குறையும். அதேபோல் ராத்திரி பத்துக்கு மேல் பொடி வைத்த ஸ்டேட்டஸ் போடாதீர்கள். இருநூறு பேர் பார்த்து ஒருவரும் கேட்கவில்லை என்றால் அதுவும் தாளின் வலப்பக்கம் ஏறும். அதே வரியை ஒரே ஒருவருக்கு நேரடியாக அனுப்புங்கள்: "மனசு சரியில்ல, நாளைக்கு டீ குடிக்கலாமா?"

உடம்பு

இதில் அதிகம் சொல்ல எதுவுமில்லை. மனசு சரியானதும் குளிக்கலாம் என்று இருந்தால் குளிக்கவே மாட்டோம். குளித்துவிட்டால் மனசு கொஞ்சம் பின்னால் வரும். எட்டு மணிக்குள் குளியல், மெஸ்ஸில் இரண்டு இட்லியாவது, வெயிலில் கேட் வரை ஒரு நடை. படிக்க முடியாத நாளில் ஒரு தேற்றத்தின் நிரூபணத்தைப் புரியாவிட்டாலும் கையால் நகலெடுப்பேன். மருத்துவர் பிறகு சொன்னபோதுதான் இதற்கும் ஒரு சிகிச்சைப் பெயர் இருப்பது தெரிந்தது.

இவை எதுவும் வேலை செய்யாதபோது

எனக்கு ஒரு கட்டத்தில் வேலை செய்யவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அசைபோடல் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி உண்டு, ஆனால் இரண்டாவதற்குத் தாளும் கடிகாரமும் மட்டும் போதாது. இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்கள், நாளின் பெரும்பகுதி மனசு இருண்டு கிடந்தாலோ, பிடித்த எதிலும் பிடிப்பு இல்லாமல் போனாலோ, கூடவே தூக்கம், பசி, கவனம் எல்லாம் மாறியிருந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். பி.எச்.க்யூ-9 என்று ஒன்பது கேள்வி கொண்ட ஒரு படிவம் உண்டு, தமிழிலும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். எனக்கு 17. அந்தத் தாளே நோயை முடிவுசெய்யாது, டாக்டர் பேசித்தான் சொல்வார். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நன்றாயிருக்கும் என்றோ நம்மை நாமே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு மட்டும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்கத் தேவையில்லை. பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் அன்றைக்கே ஒருவரிடம் சொல்ல வேண்டும், தனியாக இருக்கக் கூடாது.

எண் 14416. மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை, 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிறது, இருபத்துநான்கு மணி நேரமும், இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்று விளம்பரப்படுத்துவது இதே எண்ணைத்தான். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இரண்டையும் இப்போதே சேமித்துவிடுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேடத் தோன்றாது.

கல்லூரி ஆலோசகரிடம் போகலாமா என்று கேட்பார்கள். நல்ல ஆலோசகர் இருந்தால் கட்டாயம் போங்கள். நான் படித்த இடத்தில் அந்த அறை நிர்வாக அலுவலகத்துக்கு நேர் எதிரே, கண்ணாடிக் கதவோடு இருந்தது. நான் இரண்டு முறை அந்த வழியாக நடந்துபோய் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கும், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பார்ப்பார்கள். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். கூட்டம் இருக்கும், டாக்டருக்கு உங்களிடம் பத்து நிமிடம்தான் கிடைக்கும். அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போதிருந்து, எத்தனை மணி நேரம் தூக்கம், எடை எவ்வளவு குறைந்தது, எத்தனை வகுப்பு விட்டீர்கள். எனக்கு முதலில் ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சரி, ஹீமோகுளோபின் 8.6. சோர்வில் ஒரு பங்கு அதுதான். இரும்புச்சத்து மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் சேர்ந்து வந்தன. இரண்டாவது மாத்திரை பலன் தெரிய மூன்று வாரம் ஆனது, முதல் வாரம் வாய் உலர்ந்து குமட்டியது. வேலை செய்யவில்லை என்று இடையில் நிறுத்தாதீர்கள், சரியாகிவிட்டது என்று நீங்களாகவும் நிறுத்தாதீர்கள். எனக்கு டாக்டர் ஒன்பது மாதம் கழித்துப் படிப்படியாகக் குறைத்தார். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்லும் உரிமை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் நமக்கு உண்டு. அம்மாவிடம் நான் முதலில் 'தூக்க மாத்திரை' என்றேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவளிடம் முழுசாகச் சொன்னேன். "அதுக்கு எதுக்கு இத்தன நாள்?" என்று மட்டும் கேட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்களுக்கு

என்னை அந்த வரிசைக்குக் கூட்டிப்போனது என் அறைத் தோழி, தேனிப் பெண், வேறு துறை. அவள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "நாலு நாளா நீங்க மெஸ்ஸுக்கு வரலக்கா. இன்னிக்கு நான் தட்டு எடுத்துட்டு வரவா, இல்ல கூட வர்றீங்களா?" என்றாள். நான்கு நாள் என்று எண்ணியிருக்கிறாள். "ஃப்ரீயா விடுங்க", "உங்களுக்கென்ன குறை" என்பவற்றுக்குப் பதிலாக நீங்களும் பார்த்ததைச் சொல்லுங்கள், இரண்டு வழி கொடுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்க வேண்டிவந்தால் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் பக்கத்திலேயே இருந்துகொண்டு 14416-க்கு அழையுங்கள், வார்டனை எழுப்புங்கள். ரகசியம் காக்கிறேன் என்ற சத்தியம் அங்கே செல்லாது. மருத்துவமனைக்குப் போகச் சொல்லாதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள். அவள் அன்றைக்கு ஒரு பிராக்டிகலை விட்டுவிட்டு வந்தாள், பையில் இரண்டு வாழைப்பழமும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தாள். சீட்டு எண் 63. கூப்பிடப் பதினொன்றரை ஆனது.